அமுக்கத்தின் சாட்சியம் – தோட்டாவின் மிகையமுக்கம் இனங்காணப்பட்ட வரலாறு

மனிதன் ஆக்கிய கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அக்கருவிகளின் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்வர். எத்துணைத் தூரம் எறிந்தது, எத்துணைப் பாரத்தைத் தூக்கியது, எத்துணை விரைவாக இயங்கிற்று என்பனவே நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஒரு கருவி எந்த எல்லைவரை தாங்கும், அவ்வெல்லை நெருங்கிவிட்டது என்பதை அதனைக் கையாள்பவன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்ற வினா அருமையாகவே எழுப்பப்படுகின்றது. ஆயினும் கொதிகலன், பாலம், பீரங்கி ஆகிய எதனை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் வளர்ச்சியில் ஆற்றலைப் பெருக்கியோருக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு எல்லையை அறிய முயன்றோருக்கும் உண்டு.

வெடிமருந்துக் கருவிகளைப் பொறுத்தவரை இவ்வினா உயிர்ப் பிரச்சினையாகும். துப்பாக்கிக் குழலினுள் மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டை வெளியே தள்ளும் நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகின்றது. அக்கணத்தில் எழுந்து மறையும் அமுக்கத்தைக் கண் காணாது, கை உணராது. அது விட்டுச்சென்ற தடயங்கள் மட்டுமே எஞ்சும். தொழிற்சாலைத் தோட்டாக்களை வாங்குவோனுக்கு இக்கவலை இல்லை. சுடப்பட்ட பித்தளைக் கோதில் தாமே மருந்தையும் குண்டையும் மீள நிரப்பிக்கொள்வோருக்கோ, தாம் எல்லைக்கு உள்ளே நிற்கின்றோமா வெளியே நிற்கின்றோமா என்பதை ஒவ்வொரு தடவையும் அறிந்தாக வேண்டியுள்ளது. இத்தடயங்கள் எவ்வாறு வாசிக்கப்பட்டன, அவ்வாசிப்பு எங்கே பிழைத்தது, தடயத்தின் இடத்துக்கு அளவை எவ்வாறு வந்துசேர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாங்கியதே சான்று

மிகையமுக்கத்தைப் பற்றிய மிகப் பழைய அறிவு, அளவையினின்று பிறந்ததன்று, உடைவினின்று பிறந்ததாகும். துப்பாக்கி செய்வோர் தமது குழல்கள் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதை அறியார். ஆனால் வழக்கத்திலும் மிகுந்த மருந்தை இட்டுச் சுட்டுப் பார்க்கலாம் என்பதை அறிந்திருந்தனர். குழல் வெடிக்கவில்லையெனின், வீங்கவோ கீறவோ இல்லையெனின், அதில் முத்திரை பொறித்து விற்பனைக்கு அனுப்பினர். இம்மெய்ப்புச் சோதனை முறை 17ஆம் நூற்றாண்டிலேயே நிறுவன வடிவம் பெற்றது. இலண்டன் துப்பாக்கி செய்வோர் கழகம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பெல்ஜியத்தின் இலீச் நகரில் 1672 இலும், இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகரில் 1813 இலும் மெய்ப்பு முறைகள் சட்டப்படி ஏற்பட்டன.

இம்முறையின் பின்னால் எளியதொரு தருக்கம் உண்டு. மிகுதியைத் தாங்கியது குறைவையும் தாங்கும் என்பதே அது. கொடுக்கல் வாங்கலிலும் குடும்பத்திலும் இத்தருக்கம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. உலோகத்திலோ இது முழுவதும் மெய்யன்று. உலோகம் ஒருமுறை தாங்கிய சுமையின் வடுவைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கக்கூடும். இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்து உணர்த்திய நிகழ்ச்சி 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் பொற்றோமக் ஆற்றில் நிகழ்ந்தது.

அன்று 'பிறின்ஸ்ரன்' என்னும் புதிய போர்க்கப்பலில் சனாதிபதி ஜோன் ரைலரும் அமைச்சர்களும் நூற்றுக்கணக்கான விருந்தினரும் பயணஞ் செய்தனர். கப்பலின் தளபதி ரொபேட் ஸ்ரொக்ரன் தமது மேற்பார்வையிற் செய்விக்கப்பட்ட பன்னிரண்டு அங்குல வாயுடைய இரும்புப் பீரங்கியை அவர்களுக்குச் சுட்டுக்காட்டினார். அதற்குச் 'சமாதானம் செய்வோன்' எனப் பெயரிடப்பட்டிருந்தது. ஏற்கெனவே செய்யப்பட்ட சோதனைகளில் அது மிகுந்த மருந்தைத் தாங்கியிருந்தது. அன்று அதனிலும் குறைந்த அளவே இடப்பட்டது. அன்றைய தினத்திலேயே முன்னர் சுடப்பட்டபோதும் குறையெதுவும் தென்படவில்லை. மீண்டும் ஒரு முறை சுடப்பட்டபோது பீரங்கி பின்புறத்தில் வெடித்துச் சிதறியது. இராசாங்கச் செயலாளர் ஏபல் அப்ஷர், கடற்படைச் செயலாளர் தோமஸ் கில்மர் உள்ளிட்ட அறுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் ஆர்மிஸ்ற்றெட். சனாதிபதியின் அடிமையாக இருந்தவர். கீழ்த்தளத்தில் நின்றமையால் ரைலர் உயிர் தப்பினார். பின்னர் இரும்பை ஆராய்ந்த பிலடெல்பியாவின் பிராங்ளின் நிறுவகத்தார் அதன் உருவாக்கத்திலும் ஒட்டுவேலையிலும் குறைகளைக் கண்டனர்.

இந்நிகழ்ச்சி தரும் பாடம் கவனிக்கத்தக்கது. பீரங்கியின் முற்சோதனைகள் பொய்யல்ல. அது உண்மையாகவே பெருமருந்தைத் தாங்கிற்று. ஆனால் அச்சோதனைகள் கூறியது 'நேற்றுத் தாங்கினேன்' என்பதையே. அதனை 'நாளையும் தாங்குவேன்' என வாசித்தது மனிதரின் பிழை.

எண்ணைத் தேடிய பாதை

மருந்தின் அமுக்கத்தை எண்ணாற் குறிக்கும் முயற்சி இதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே தொடங்கிற்று. சுவிற்சலாந்து அறிஞர் டானியல் பேணூலி 1738 இல் வெளியிட்ட பாய்பொருளியக்கவியல் நூலில் அதனை ஏறக்குறைய பதினாயிரம் வளிமண்டல அமுக்கம் என மதிப்பிட்டார். 1742 இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் ரொபின்ஸ், ஊசற் பலகையிற் குண்டை மோதச் செய்து அதன் வேகத்தை அளக்கும் முறையைக் கண்டார். அமுக்கத்தை அவர் ஆயிரம் வளிமண்டலம் என்றார். பவேரியாவிற் பணியாற்றிய ரம்போட் பிரபு 1797 இல் வெளியிட்ட ஆய்வில், தடித்த சிறு குழலொன்றை மருந்தால் உடைத்து, உடைந்த இரும்பின் வலுவிலிருந்து கணித்து ஐம்பதினாயிரம் வளிமண்டலத்துக்கும் மேலெனக் கூறினார். மூவரும் ஆற்றல் மிக்க அறிஞரே. ஆயினும் அவர்களின் முடிவுகளிடையே ஐம்பது மடங்கு வேறுபாடு இருந்தது. எரிந்து முடியும் முன்னரே மறைந்துவிடும் ஒன்றை நேரே அளக்கும் கருவி அவர்களிடம் இல்லாமையே இதற்குக் காரணமாகும்.

அக்கருவிக்கு வழிகோலியவர் அமெரிக்கப் படைக்கல அதிகாரியான தோமஸ் ரொட்மன் ஆவார். பீரங்கிகள் வெடிப்பதன் காரணங்களை ஆராய்ந்த அவர், வெளியிலிருந்து உள்நோக்கிக் குளிரும் வார்ப்பிரும்பில் உட்பகுதி வலுவிழப்பதைக் கண்டு, நீராற் குளிர்விக்கப்பட்ட உள்ளீட்டைச் சுற்றி வார்க்கும் முறைக்கு 1847 இல் காப்புரிமை பெற்றார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. பீரங்கியின் பக்கத்திற் துளையிட்டு ஒரு முசலத்தைப் பொருத்தினார். முசலத்தின் முனையிலிருந்த கத்தி, உள்ளமுக்கத்தால் தள்ளப்பட்டு ஒரு செப்புத் தகட்டில் வெட்டொன்றைப் பதித்தது. அதே அளவான வெட்டைப் பதிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பின்னர் பொறியிற் சோதித்து அறிந்தார். 1861 இல் வெளியான அவரது அறிக்கையில் மருந்தின் துகள் பெரிதாகுமிடத்து உச்ச அமுக்கம் தணிகின்றது என்பது எண்களாற் காட்டப்பட்டது. முதன்முறையாக, பீரங்கி உடையாமலே அதன் உள்ளிருந்து சாட்சியம் பெறப்பட்டது.

இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ரோங் தொழிற்சாலையிற் பணியாற்றிய அன்ட்ரூ நோபிள், செப்புத் தகட்டுக்குப் பதிலாகச் சிறிய செப்பு உருளையை வைத்து அது நசுங்கும் அளவைக் கணித்தார். இவரும் வேதியியலாளர் பிரெடெரிக் ஏபெலும் 1875 இல் வெளியிட்ட ஆய்வு, மூடிய இடத்தை முழுவதும் நிரப்பிய கருமருந்தின் அமுக்கம் ஏறக்குறைய 6,400 வளிமண்டலம் என்று நிறுவியது. ஒன்றரை நூற்றாண்டு விவாதம் ஒரு செப்புத்துண்டின் நசுக்கத்தில் முடிவுக்கு வந்தது எனலாம்.

எண் கிடைத்தபின்னும் உடைவு நின்றுவிடவில்லை. 1879ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் மர்மராக் கடலில் 'தண்டரர்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் 38 தொன் பீரங்கி வெடித்துப் பதினொருவர் மாண்டனர். இரு பீரங்கிகள் ஒருங்கே சுடப்பட்ட பேரொலியில், ஒன்று வெடிக்காது நின்றமையை எவரும் கவனிக்கவில்லை. மருந்தும் குண்டும் அதிலிருக்கவே மேலும் ஒருமுறை நிரப்பிச் சுட்டனர் என்பது விசாரணையின் முடிவு. இம்முடிவை ஐயுற்றோர் பலர். எனவே எஞ்சிய இணைப் பீரங்கி வூல்விச்சுக்குக் கொண்டுவரப்பட்டு, வேண்டுமென்றே இருமுறை நிரப்பிச் சுடப்பட்டது. அதுவும் அவ்வாறே வெடித்தது. அமுக்கத்தை அளக்கும் அறிவு ஆய்வுசாலையில் இருந்தது. அதன் பயன் பீரங்கியின் அருகில் நின்ற மாலுமியைச் சென்றடையவில்லை.

புகையற்ற மருந்தும் புதிய ஆபத்தும்

1884 இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1886 இல் பிரெஞ்சுப் படையின் லெபெல் துப்பாக்கி அதனைப் பயன்படுத்திற்று. மூன்றாண்டுகளில் ஏபெலும் ஜேம்ஸ் டியூவரும் பிரித்தானியாவுக்கெனக் கோடைற்று என்னும் மருந்தைப் படைத்தனர். கருமருந்துத் தோட்டாக்கள் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு இருபத்தையாயிரம் இறாத்தல் அளவிலான அமுக்கத்தில் இயங்கின. புதிய தோட்டாக்களில் அது ஏறக்குறைய இருமடங்காயிற்று.

அளவு மட்டுமன்றி இயல்பும் மாறியது. புகையற்ற மருந்து எரியும் வீதம் அதனைச் சூழவுள்ள அமுக்கத்திலேயே தங்கியுள்ளது என்பதை வியேய் எடுத்துக்காட்டினார். அமுக்கம் உயர்ந்தால் தகனம் விரைவாகும். தகனம் விரைந்தால் அமுக்கம் மேலும் உயரும். எனவே மருந்தை பத்திலொரு பங்கு கூட்டினால் அமுக்கமும் பத்திலொரு பங்கே கூடும் என்ற எண்ணம் இங்கு செல்லாது. எல்லைக்கு அருகில் சிறு கூட்டல் பெரும் பாய்ச்சலாகின்றது. மருந்தை மாற்றாமலே அமுக்கம் உயரவும் கூடும். பாரமான குண்டு, உட்கனவளவு குறைந்த கோது, குழலின் புரிவரைகளைத் தொடும்படி முன்தள்ளி வைக்கப்பட்ட குண்டு, வெயிலிற் சூடேறிய தோட்டா ஆகிய ஒவ்வொன்றும் இதற்குப் போதுமானவை. கோடைற்று வெப்பத்தை மிகவும் உணரும் மருந்தாகையால், வெப்ப நாடுகளில் வேட்டைக்கென ஆங்கிலேயர் செய்த பெருந்துப்பாக்கிகளுக்குப் பெரிய கோதும் தணிந்த அமுக்கமும் கொண்ட தோட்டாக்களே விரும்பப்பட்டன. சுடப்பட்ட கோது அறையில் இறுகிச் சிக்குமாயின், எதிரே நிற்கும் யானைக்கு முன்னால் இரண்டாம் முறை நிரப்ப நேரமிராது.

கருமருந்துக் காலத்துப் பழக்கமும் ஆபத்தை வளர்த்தது. கருமருந்து கனவளவால் அளந்து இடப்பட்டது. கிண்ணம் நிரம்பினாற் போதும். புகையற்ற மருந்துகளுட் சில கருமருந்துக்குச் சமமான கனவளவில் இடத்தக்கனவாகவும், வேறு சில மிகச் செறிந்தனவாகவும் செய்யப்பட்டன. செறிந்த மருந்தைப் பழைய கிண்ணத்தால் அளந்தோரின் துப்பாக்கிகள் கையிலேயே சிதறின. கருவி மாறியபோதும் அளக்கும் பழக்கம் மாறாது நின்றமையின் விளைவு இது.

கோதை வாசித்தல்

தோட்டாவைத் தாமே நிரப்பும் வழக்கம் அமெரிக்காவிலேயே பரந்து வேரூன்றியது. 1884 இல் நியூ ஹேவனில் நிறுவப்பட்ட ஐடியல் தொழிலகம் கையடக்கமான நிரப்பு கருவிகளை விற்றது. சிக்கனமே முதற் காரணம். தோட்டாவின் விலையிற் பெரும் பங்கு பித்தளைக் கோதுக்குரியது. அதனை எறியாது மீளப் பயன்படுத்தினால் குடியானவனும் பயிற்சிக்கு வேண்டிய அளவு சுடலாம். பிலிப் ஷார்ப் 1937 இல் வெளியிட்ட பெருநூலும், ஜூலியன் ஹச்சர் 1947 இல் வெளியிட்ட குறிப்பேடும் இத்துறையினரின் கைந்நூல்களாயின.

இவர்களிடம் நோபிளின் செப்பு உருளை இல்லை. அதற்குத் துளையிட்ட தனிக்குழலும் ஆய்வுசாலையும் வேண்டும். எனவே, சுடப்பட்ட கோதையே இவர்கள் அமுக்கமானியாகக் கொண்டனர். கோதின் அடியில், அடியூசி மோதும்போது தீப்பற்றும் சிறு உலோகக் கிண்ணம் உண்டு. இதனைத் தீமூட்டி எனலாம். குறைந்த அமுக்கத்தில் அதன் ஓரம் வளைந்தே நிற்கும். அமுக்கம் மிகுந்தால் தட்டையாகித் தன் குழியை நிரப்பும். மேலும் மிகுந்தால் அடியூசித் துளையினுள் உலோகம் பிதுங்கி எரிமலை வாய் போன்ற விளிம்பு தோன்றும்; சிலவேளை தீமூட்டி துளைபட்டு வாயு பின்னோக்கிப் பாயும். கோதின் அடிப்பித்தளை மென்மையுற்று, எறிகருவியின் பள்ளத்துள் வழிந்து பளபளப்பான வட்டத் தழும்பைப் பெறும். தீமூட்டிக் குழி விரிவடைந்து, புதிய தீமூட்டி விரலால் அழுத்தினாலே உட்புகும். துப்பாக்கியின் பூட்டுத்தாழ் எளிதில் எழாது, உள்ளங்கையால் அடித்துத் திறக்க வேண்டிவரும். இவற்றைக் கண்டவுடன் மருந்தைக் குறைக்க வேண்டும் என்பது எல்லா நூல்களும் கூறும் விதியாகும்.

இவ்விதி நல்லதே. ஆனால் இதன் மறுதலையே பலரின் உயிரோடு விளையாடிற்று. 'குறி தோன்றினால் ஆபத்து' என்பதைக் 'குறி தோன்றாவிடின் ஆபத்தில்லை' எனப் பொருள்கொண்டோர் பலர். இது தருக்கப் பிழை மட்டுமன்று. பொருளியல்பை அறியாத பிழையுமாகும். தட்டையான தீமூட்டி, மென்மையான உலோகத்தாற் செய்யப்பட்டதாக இருக்கலாம். அறைக்கும் கோதுக்கும் இடையே இடைவெளி மிகுந்தால், குறைந்த அமுக்கத்திலும் தீமூட்டி முதலிற் பின்தள்ளப்பட்டு, பின்னர் கோது வந்து மோதுகையில் தட்டையாகும். அடியூசித் துளை அகன்றிருப்பின் விளிம்பு எளிதில் தோன்றும். மறுபுறம், கடினமான தீமூட்டி உயரமுக்கத்தையும் மறைத்துவிடும். கோதின் அடி விரிவதை அங்குலத்தின் பதினாயிரத்திலொரு பங்குவரை திருகுக் கணிச்சியால் அளந்தோரும் உளர். பித்தளையின் வன்மை ஒவ்வொரு உற்பத்தியிலும் வேறுபடுவதால் அவ்வளவையும் ஒப்பீட்டுக்கே உதவும்.

யாவற்றினும் முக்கியமானது பித்தளையின் மீள்தன்மை எல்லையாகும். கோதின் அடி வழிந்து தழும்பு பெறும் நிலை, பெரும்பாலும் நவீன தோட்டாக்களுக்கு விதிக்கப்பட்ட உச்ச அமுக்கத்தைக் கடந்தபின்னரே தோன்றுகின்றது. அதாவது குறி என்பது எல்லை நெருங்குவதற்கான எச்சரிக்கையன்று. எல்லையைக் கடந்தாயிற்று என்ற அறிவித்தல். பழைய துப்பாக்கிகளின் நிலை இன்னும் மோசமானது. 1873ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் .45-70 தோட்டாவுக்கு இன்று விதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 28,000 இறாத்தல். பித்தளை தழும்புபெறுவதற்கு இதன் இருமடங்குக்கும் மேல் வேண்டும். அத்தகைய துப்பாக்கியில் கோது வாய்திறந்து பேசுவதற்கு முன்னரே துப்பாக்கி உடைந்துவிடும்.

ஸ்பிறிங்பீல்ட் உலைக்களம்

கண்ணை நம்பிய அறிவின் பலவீனம், தோட்டாவில் மட்டுமன்றித் துப்பாக்கியின் ஆக்கத்திலும் வெளிப்பட்டது. அமெரிக்கப் படையின் 1903ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி ஸ்பிறிங்பீல்ட், றொக் ஐலண்ட் ஆகிய அரச படைக்கலச் சாலைகளிற் செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல் அமுக்கந் தரும் மெய்ப்புத் தோட்டாவாற் சோதிக்கப்பட்டு வெளிவந்தது. 1917 இல், போர்க்கால அவசரத்திற் செய்யப்பட்ட சில தோட்டாக்களின் கோது பின்புறத்திற் பிளந்தபோது, மெய்ப்பில் தேறிய இத்துப்பாக்கிகளின் உருக்கு உடற்பகுதிகள் கண்ணாடிபோல் நொறுங்கின.

ஆராய்ந்தபோது காரணம் உலைக்களத்திலிருந்தமை தெரியவந்தது. அங்கு நெடுங்காலம் பழகிய கைவினைஞர், உருக்கு எவ்வளவு சூடேறியது என்பதை அதன் நிறத்தைக் கண்ணாற் கண்டே தீர்மானித்தனர். வெப்பமானி வைத்துச் சோதித்தபோது, மந்தாரமான நாளிற் சரியெனக் கண்ட நிறத்துக்கும் வெயிலடிக்கும் நாளிற் சரியெனக் கண்ட நிறத்துக்குமிடையே 300 பாகை பரனைற்று வரை வேறுபாடிருந்தது. வெளியொளி மிகுந்தபோது செந்நிறம் மங்கித் தோன்ற, அவர்கள் மேலும் சூடேற்றினர். உருக்கு கருகி நொய்மையுற்றது. இவர்களின் திறமையைக் குறைகூறுவது நியாயமன்று. அவர்களின் கை பிழைக்கவில்லை. கண்ணிடம், கண்ணால் இயலாத பணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1918 இல் வெப்பமானிகளும் புதிய பதப்படுத்தல் முறையும் வந்தன. ஸ்பிறிங்பீல்ட்டில் ஏறக்குறைய 800,000 ஆம் இலக்கம்வரை செய்யப்பட்டவை ஐயத்துக்குரியனவென ஒதுக்கப்பட்டன.

நான்கு ஆண்டுகளின் பின் மற்றோர் அனுபவம் ஏற்பட்டது. 1921ஆம் ஆண்டுத் தேசியச் சுடுபோட்டிக்கென, குழலிற் படியும் உலோகக் கறையைத் தவிர்க்க வெள்ளீயம் பூசிய குண்டுகள் செய்யப்பட்டன. போட்டியாளரோ பழைய வழக்கப்படி தோட்டாவைக் கொழுப்பில் தோய்த்தே சுட்டனர். வெள்ளீயம் காலப்போக்கிற் கோதின் கழுத்துப் பித்தளையோடு ஒட்டிப் பற்றிக்கொண்டது. கொழுப்போ, கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க வேண்டிய சிறு இடைவெளியை அடைத்தது. மருந்தின் அளவு ஓர் அணுவும் கூடவில்லை. ஆயினும் அமுக்கம் ஏறிற்று. மருந்தை மட்டும் நிறுத்துப் பார்ப்பவன் அமுக்கத்தை அறிந்தவனாகான் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின் பி. ஓ. அக்லி என்னும் அமெரிக்கத் துப்பாக்கி வினைஞர், பல நாட்டுப் படைத்துப்பாக்கிகளை மேலும் மேலும் மருந்திட்டு உடையும்வரை சோதித்தார். தோற்றத்தில் முரடானது எனப் பலர் இகழ்ந்த யப்பானிய அரிசாக்கா, ஏனையவற்றைச் சிதைத்த அளவுகளையும் தாங்கிற்று. மெருகையும் புகழையும் பார்த்து வலுவைத் தீர்மானிப்பதும் கண்ணின் மற்றுமோர் ஏமாற்றமே.

செம்பிலிருந்து பளிங்குக்கு

அளவையும் பிழையற்றதன்று என்பதைக் கூறாதுவிடின் இவ்வரலாறு நிறைவுறாது. நோபிளின் செப்பு உருளை ஒரு நூற்றாண்டுக் காலம் நீதிபதியாக விளங்கிற்று. ஆனால் அதன் அளவுத்திட்டம் மெதுவாக அழுத்தும் பொறியிலிருந்து பெறப்பட்டது. துப்பாக்கியிலோ அமுக்கம் கணப்பொழுதில் உயர்ந்து தாழ்கின்றது. செம்பு முழுவதும் நசுங்குவதற்கு நேரமில்லை. ஆகவே அது உண்மையான உச்சத்திலும் குறைந்த எண்ணையே காட்டிற்று. பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக்கும் 1880 இல், சில பளிங்குகளை அழுத்தும்போது மின்னேற்றம் பிறப்பதைக் கண்டுபிடித்திருந்தனர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வியல்பு வெடிப்பமுக்கத்தை அளக்கப் பயன்படுத்தப்படலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோட்டா உற்பத்தியாளர் செம்பைப் படிப்படியாகக் கைவிட்டுப் பளிங்கை ஏற்றனர்.

இதன் விளைவு நோக்கற்பாலது. 1926 இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் படைக்கல உற்பத்தியாளர் நிறுவகத்தின் தரப்படி, .30-06 தோட்டாவின் உச்சம் செப்பளவையில் 50,000 அலகு. பளிங்களவையில் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். தோட்டா ஒன்றே, துப்பாக்கி ஒன்றே, எண்கள் இரண்டு. பழைய நூலின் எண்ணைப் புதிய நூலின் எண்ணோடு ஒப்பிட்டு, இன்னும் பதினாயிரம் இறாத்தல் இடமிருக்கின்றது என எண்ணுவோன், இல்லாத நிலத்தில் காலை வைக்கின்றான். இரண்டளவைகளுக்கும் எல்லாத் தோட்டாக்களுக்கும் பொருந்தும் மாற்றுச் சூத்திரம் எதுவுமில்லை. அண்மைக் காலங்களில் குழலின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் விகாரமானி, தனியொருவரும் வாங்கக்கூடிய கருவியாகியுள்ளது. எனினும் சோதிக்கப்பட்ட நூலின் அளவைப் பின்பற்றுதல், தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுதல், ஒரு பகுதியை மாற்றினாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஏறுதல், கூறப்பட்ட உச்சத்தைக் குறி தோன்றாவிடினும் கடவாதிருத்தல் என்னும் ஒழுங்கே இன்றும் முதற் காப்பாக உள்ளது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, மிகையமுக்கத்தை இனங்காணும் வரலாறு மூன்று படிகளைக் கொண்டது எனலாம். முதற்படியில் உடைவே சாட்சியாயிற்று. இரண்டாம் படியில் உடையாத பொருளின் வடுக்கள் சாட்சியாயின. மூன்றாம் படியில் அளவை சாட்சியாயிற்று. ஒரு படி தோன்றியதும் முந்தியது மறைந்துவிடவில்லை. மெய்ப்புச் சாலைகள் இன்றும் இயங்குகின்றன. கோதின் அடியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்போர் இன்றும் உளர். அவர்கள் பார்ப்பது வீண் செயலன்று. குறியைக் கண்டவன் நிறுத்தத்தான் வேண்டும்.

ஆயின் குறி காணாமையை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதிலேயே இவ்வரலாற்றின் சாரம் உள்ளது. பொற்றோமக்கிற் பீரங்கியைச் சூழ நின்றோரும், மர்மராக் கடலில் மீண்டும் நிரப்பிய மாலுமிகளும், ஸ்பிறிங்பீல்ட் உலையருகே நின்ற வினைஞரும் கவலையீனர் அல்லர். அவர்கள் பார்த்தனர், குறையெதுவும் தென்படவில்லை, ஆகவே குறையில்லை எனத் துணிந்தனர். மௌனம் சம்மதம் என்பது நம்மிடையே வழங்கும் மொழி. உலோகத்தின் மௌனம் சம்மதமன்று. அது தாங்கிக்கொண்டிருக்கும் ஒன்றின் மௌனமாகவும் இருக்கலாம். அம்மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளாது, அளந்தறிந்த எல்லைக்குள் தானாகவே நிற்கக் கற்றவனே இக்கருவியைக் கையாளத் தகுதி பெற்றவனாவான்.